ஊர் ஊராய் உடை மாற்றும் டிராம்கள்: சான் பிரான்சிஸ்கோவின் நிறத் தெரிவும் உப்புவெளிப் பஸ் ஒன்றும்

சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் வீதியில் ஓடுகிற எஃப் வழித்தட டிராம்களில் ஒரே நிறத்து வண்டிகள் அடுத்தடுத்து வருவது அபூர்வம். ஒன்று பச்சையும் கிறீமும். பின்னால் வருவது மஞ்சள், அதில் பச்சைக் கோடு. அதற்கும் பின்னால் செம்மஞ்சள். நகரசபை ஒன்று, தண்டவாளம் ஒன்று, கட்டணம் ஒன்று, பெரும்பாலான வண்டிகளின் வார்ப்பும் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு வண்டியும் வேறொரு நகரத்தின் உடையைப் போட்டுக்கொண்டு வருகிறது. போக்குவரத்து நிறுவனம் என்றால் எல்லா வண்டிக்கும் ஒரே நிறம் என்பதுதான் உலக வழக்கம். எங்கள் ஊரான திருகோணமலையிலும் நிலாவெளி வீதியில் தூரத்தில் சிவப்பாக ஏதாவது தெரிந்தால் அது இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்தான், பெயர்ப்பலகையை வாசிக்கத் தேவையில்லை. அந்த வசதியை ஒரு நகரம் வேண்டுமென்றே கைவிட்டது ஏன், கைவிட்டும் எப்படிக் குழப்பமில்லாமல் சமாளித்தது என்பதுதான் இந்த ஆய்வு.

திருகோணமலையில் டிராம் ஓடியதே இல்லை. இலங்கையில் கொழும்பில் ஓடியது, அதுவும் 1960இல் நின்றுபோனது. இங்கே இதை எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் ஒரு பழைய பஸ். அந்தக் கதை பிற்பகுதியில் வரும்.

வண்டிகள் வந்த வழி

1982இல் சான் பிரான்சிஸ்கோ தன் புகழ்பெற்ற கேபிள் கார்களை, அதாவது வீதிக்கு அடியில் ஓடும் வடம் இழுக்கிற வண்டிகளை, பெரிய திருத்த வேலைக்காக நிறுத்தியது. 1984 வரை அவை ஓடவில்லை. வருகிற சுற்றுலாப் பயணிக்கு என்னத்தைக் காட்டுவது என்ற கவலை வர்த்தகர்களுக்கு வந்தது. சாதாரண டிராம்கள் அப்போதுதான் சுரங்கப் பாதைக்கு மாறியிருந்தன. மார்க்கெட் வீதியின் மேல் தண்டவாளம் சும்மா கிடந்தது. ரிக் லோப்ஷர் என்பவர் முன்னின்று, அப்போதைய மேயர் டயான் ஃபைன்ஸ்டைனின் ஆதரவோடு, 1983 கோடையில் பழைய டிராம் விழா ஒன்றைத் தொடங்கினார். 1987 வரை கோடைதோறும் நடந்தது. போர்ட்டோ, ஹம்பர்க், பிளாக்பூல், மெல்பேர்ன் என்று பல ஊர் வண்டிகள் அவரவர் சொந்த நிறத்திலேயே அந்த வீதியில் ஓடின. சனத்துக்குப் பிடித்துப்போனது.

விழாவுக்கு ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒன்று போதும். அன்றாட சேவைக்கு அது சரிவராது. ஒரு வண்டி பழுதானால் மற்றதன் உதிரிப்பாகம் பொருந்த வேண்டும், சாரதிக்கு ஒரே பயிற்சி போதுமாக இருக்க வேண்டும். எனவே நகரத்தின் போக்குவரத்து நிறுவனமான முனி, பிலடெல்பியாவில் ஓடி முடித்த 14 வண்டிகளை வாங்கியது. எல்லாம் பி.சி.சி. என்ற வகை. 1930களில் அமெரிக்க டிராம் கம்பெனித் தலைவர்கள் கூடி, கார்களின் போட்டியைச் சமாளிக்க ஒரு பொது வடிவமைப்பை உருவாக்கினார்கள். 1936இல் புரூக்ளினில் முதலில் ஓடிய அந்த வகையில் வட அமெரிக்காவில் ஏறத்தாழ 5000 வண்டிகள் கட்டப்பட்டன. வாங்கிய பதினான்கும் நியூயோர்க் மாநிலத்தின் ஹோர்னல் நகரில் புதுப்பிக்கப்பட்டு, முனி தனக்காகவே 1948இல் கட்டுவித்த, இரண்டு பக்கமும் சாரதி இருக்கை கொண்ட சில வண்டிகளோடு சேர்ந்து, 1995 செப்டெம்பர் 1 அன்று நிரந்தர சேவைக்கு வந்தன. 2000இல் வழித்தடம் மீனவர் துறை வரை நீண்டது.

என் பார்வையில் இந்த நிகழ்வின் திருப்பம் இங்கேதான். சனத்துக்குப் பிடித்தது பல ஊர்க் கலவை, கைக்கு வந்ததோ ஒரே அச்சு வண்டிகள். இரும்பை மாற்ற முடியாது, பெயின்டை மாற்றலாம். பி.சி.சி. ஓடிய நகரங்கள் வட அமெரிக்கா முழுக்க இருந்தன. ஒவ்வொரு வண்டிக்கும் அந்த நகரங்களில் ஒன்றின் நிறம் என்று தீர்மானித்தார்கள். உதிரிப்பாகம் ஒன்றாகவும் பார்வைக்குப் பலவாகவும் ஒரு அணி கிடைத்தது. செலவென்று பார்த்தால், எப்படியும் அடிக்க வேண்டிய பெயின்ட்தானே.

எந்த வண்டிக்கு எந்த உடை

வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒரே மாதிரி வேடம் போலத் தெரியும். இலக்கங்களை எடுத்துப் பார்த்தால் உண்மைக்கும் வேடத்துக்கும் நடுவே பல படிகள் இருப்பது விளங்கும்.

1055ஆம் இலக்க வண்டி பிலடெல்பியாவிலிருந்து வந்தது, போட்டிருப்பதும் பிலடெல்பியாவின் பச்சையும் கிறீமும். இதில் கேள்விக்கே இடமில்லை. அடுத்த படியில் நிற்பவை நியூவார்க்கிலிருந்து 2004இல் வாங்கிய 11 வண்டிகள். இவை முதலில் கட்டப்பட்டது மினியாபொலிஸ், சென் போல் இரட்டை நகரங்களுக்காக. அந்த நகரங்கள் 1950களில் டிராமைக் கைவிட்டபோது வண்டிகள் நியூவார்க், கிளீவ்லாந்துப் பகுதி, மெக்சிக்கோ நகரம் என்று மூன்று திசைக்குப் பிரிந்தன. அதனால் 1071க்கு மினியாபொலிஸ் நிறம் அடித்தால் அது பிறந்தகத்து உடை, 1070க்கு நியூவார்க் நிறம் அடித்தால் அது புகுந்தகத்து உடை. 1072 மெக்சிக்கோ நகரத்து நிறத்தில் ஓடுகிறது. அந்த வண்டி மெக்சிக்கோவைக் கண்டதில்லை, ஆனால் கூடப்பிறந்தவை அங்கே ஓடியிருக்கின்றன. இந்த மாதிரித் தெரிவைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. யாரோ இருந்து வம்சாவளி பார்த்திருக்கிறார்கள்.

1074 ரொறன்ரோவின் கருஞ்சிவப்பும் கிறீமும் அணிந்தது. எங்கள் சனத்தில் எத்தனையோ பேர் குடியிருக்கிற அந்த நகரம் புதிதும் பழையதுமாக 745 பி.சி.சி. வண்டிகளை வைத்திருந்தது, வேறெந்த நகரத்திடமும் அவ்வளவு இருக்கவில்லை. அதற்கு ஒரு மரியாதை கொடுக்காமல் விட முடியாது. 1080 லொஸ் ஏஞ்சல்ஸின் மஞ்சள், வெள்ளை, பச்சைக் கலவை. அந்தக் கலவைக்கு அந்த ஊர்க்காரரே வைத்த பட்டப்பெயர் ‘புரூட் சலட்’.

அப்புறம் சறுக்கல்கள். பசிபிக் எலெக்ட்ரிக் என்ற லொஸ் ஏஞ்சல்ஸ் கம்பெனியின் சிவப்பைப் போட்டிருக்கும் 1061 ஒரு முனையில் மட்டும் சாரதி இருக்கை கொண்டது. அந்தக் கம்பெனியின் உண்மையான பி.சி.சி. வண்டிகளுக்கு இரண்டு முனையிலும் இருக்கை உண்டு. நிறம் சரி, உருவம் பிழை. 1057 சின்சினாட்டியின் மஞ்சளைப் போட்டது. அந்த ஊரில் அந்தக் காலத்தில் டிராமுக்கு மேலே இரட்டைக் கம்பி, சான் பிரான்சிஸ்கோவில் ஒற்றைக் கம்பி. 1010 போட்டிருப்பது முனி 1939இல் கொண்டுவந்த நீலமும் பொன்னும், வண்டி கட்டப்பட்டதோ 1948இல். 1011இன் நிறம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மார்க்கெட் ஸ்ட்ரீட் ரெயில்வே என்ற தனியார் கம்பெனி 1944இல் நகரத்தின் கைக்குப் போய் முடிந்துவிட்டது. அந்தக் கம்பெனி உயிரோடு இருந்து 1948இல் புது வண்டி வாங்கியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனைதான் அந்த வண்டியின் மேல் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த சறுக்கல் 1062. 1995இல் அது லூயிவில் நகரத்தின் நிறத்தில் வந்தது. லூயிவில் பி.சி.சி. வண்டிகளுக்குக் கட்டளை கொடுத்தது உண்மை, அவற்றில் சில வந்து சேர்ந்ததும் உண்மை. ஆனால் பயணி ஒருவர்கூட ஏறுவதற்கு முன்பே கம்பெனி பஸ்ஸுக்கு மாறத் தீர்மானித்து அவற்றை கிளீவ்லாந்துக்கு விற்றுவிட்டது. அதாவது லூயிவில்காரர் ஏறிப் பார்க்காத லூயிவில் டிராமில் சான் பிரான்சிஸ்கோக்காரர் பல வருடம் பயணம் செய்தார்கள். பிறகு பென்சில்வேனியாவின் புரூக்வில் தொழிற்சாலையில் மறுசீரமைத்தபோது அதே வண்டி பிட்ஸ்பர்க் நிறத்துக்கு மாறியது.

இந்த மாற்றங்களில்தான் பாடம் இருக்கிறது. 1060 முதலில் நியூவார்க் உடையில் ஓடியது. உண்மையான நியூவார்க் வண்டிகள் வந்த பிறகு பிலடெல்பியாக்காரன் நியூவார்க் வேடம் போடத் தேவையில்லை. அடுத்த மறுசீரமைப்பில் அதற்குப் பிலடெல்பியாவின் 1938ஆம் ஆண்டு வெள்ளி நிறம் கிடைத்தது. 1050 முனியின் சொந்தப் பச்சையை விட்டு, பி.சி.சி. வண்டிகளில் பெரும்பகுதியைக் கட்டிய தொழிற்சாலை இருந்த சென் லூயிஸ் நகரத்தின் நிறத்துக்குப் போனது. ஒரு நிறத்தைச் சொல்ல அதைவிடத் தகுதியான வண்டி வந்தால் பழைய வண்டி விலகிக்கொள்கிறது. யாரும் அதைத் துரோகம் என்று சொல்லவில்லை.

இவ்வளவு வேடத்தையும் சகிக்க வைக்கிற விஷயம் ஒன்று உண்டு. வண்டிக்குள்ளே, பயணி நின்றபடி வாசிக்கிற உயரத்தில், இந்த வண்டி எந்த நகரத்தின் நினைவாக இந்த நிறத்தில் இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ‘நினைவாக’ என்று சொல்லிவிட்டால் அது ஏமாற்று ஆகாது.

வேறு வழி போன நகரங்கள்

மிலான் டிராமைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 1928இல் வந்த அந்த வண்டிகள் முதலில் மஞ்சளும் வெள்ளையும், பிறகு அரசாங்க விதிப்படி இரட்டைப் பச்சை, 1970களில் மறுபடி அரசாங்க விதிப்படி செம்மஞ்சள். சான் பிரான்சிஸ்கோ அவற்றில் சிலதை வாங்கி மூன்று காலத்து நிறத்திலும் ஓடவிட்டது. அங்கே ஊர் ஊராய் உடை என்றால், இங்கே காலத்துக்குக் காலம் உடை.

நியூ ஓர்லியன்ஸ் நேர்மாறு. சென் சார்ள்ஸ் வீதி டிராம்கள் 1920களில் கட்டியவை, கரும்பச்சை. இன்றைக்கும் கரும்பச்சை. 2004இல் மீண்டும் திறந்த கனால் வீதி வழித்தடத்துக்குக் குளிரூட்டிய புது வண்டிகள், சிவப்பு. நிறத்தைப் பார்த்தே எந்த வழி என்று தெரியும். 2005இல் கத்ரீனா புயல் வந்தபோது சிவப்பு வண்டிகள் நின்ற இடத்தில் வெள்ளம் ஏறி எல்லாம் கெட்டுப்போயின. பச்சை வண்டிகளின் கொட்டகை மேட்டு நிலத்தில் இருந்ததால் தப்பின. ஆனால் அவற்றின் சொந்தப் பாதையில் மின்கம்பிகள் அறுந்து கிடந்தன. அந்த வருடம் டிசெம்பரில் கனால் வீதியில் மறுபடி டிராம் ஓடியபோது ஓடியவை பச்சை வண்டிகள்தான். சிவப்புப் பாதையில் எண்பது வயதுப் பச்சை. 2004 டிசெம்பர் சுனாமிக்குப் பிறகு எது ஓடுமோ அதில் ஏறிப் போன ஊர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. நிறம் வழியைச் சொல்வது நல்ல காலத்து ஒழுங்கு.

கோபுரமும் பஸ்ஸும்

இதையெல்லாம் ஒரு நாள் பாலையூற்றில் கராஜ் வைத்திருக்கும் ஒரு பெயின்டரிடம் சொன்னேன். தகரத்தில் விரலை ஓட்டியே உள்ளே எத்தனை பூச்சு இருக்கிறது என்று சொல்கிற மனிதர். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்டது: “தம்பி, பத்திரகாளி கோயில் கோபுரத்துக்குக் கும்பாபிஷேகத்துக்குப் பெயின்ட் அடிக்கேக்க, முந்தி என்ன கலர் இருந்தது எண்டு ஆராவது சுரண்டிப் பாக்கிறவையோ?”

நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்தில் பழையதுக்கு மரியாதை என்றால் புதுப் பூச்சு. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கோபுரம் பளபளவென்று மாறுவதை யாரும் வரலாற்று அழிப்பு என்று நினைப்பதில்லை, மங்கிப்போன கோபுரத்தை அப்படியே விட்டால்தான் ஊர் பேசும். மேற்கத்திய அருங்காட்சியக முறை இதற்கு எதிர்த்திசை: ஒரு திகதியைக் குறி, அந்தத் திகதியின் நிறத்தைக் கண்டுபிடி, அதில் நிறுத்து. சான் பிரான்சிஸ்கோ செய்தது இரண்டுக்கும் நடுவில் என்று நான் வாதாடுவேன். வண்டியின் உடலைக் கவனமாகக் காப்பாற்றினார்கள். பூச்சைப் புதுப்பிக்கக்கூடிய பகுதி என்று எடுத்துக்கொண்டார்கள். பதிவை மட்டும் விடாமல் வைத்தார்கள். எங்களிடம் முதல் இரண்டும் தாராளமாக இருக்கிறது. மூன்றாவதுதான் இல்லை.

சரி, பஸ்ஸுக்கு வருவோம். உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்தும் ஒருவர் பழைய டாட்டா பஸ் ஒன்றை வாங்கினார். ஒரு காலத்தில் டிப்போ பஸ்ஸாக ஓடி, ஏலத்தில் போய், தனியார் கையில் சில காலம் உழைத்து, கடைசியில் வேலையாட்களை ஏற்றி இறக்கிய வண்டி. விடுதிக்கு வருபவர்களைக் கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீர் ஊற்றுக்கும் நிலாவெளிக்கும் கூட்டிப்போக வேண்டும், பார்த்தவுடன் ‘பழைய பஸ்’ என்று படம் எடுக்க வேண்டும். இதுதான் அவருடைய திட்டம். இணையத்தில் எங்கோ எஃப் வழித்தட டிராம் படம் பார்த்திருக்கிறார். ஒரு பக்கம் பச்சை, மற்றப் பக்கம் மஞ்சள் என்று அடித்தால் என்ன என்று கேட்டார். பெயின்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்ப்போம் என்று முடிவானது. பழைய பூச்சைத் தேட ஒழுங்கான இடம், யாரும் தேய்க்காத இடம். பின்பக்கக் கடைசி ஜன்னலின் கண்ணாடி ரப்பரைக் கழற்றினால் கீழே ஒரு விரல் அகலத்துக்கு எல்லாப் பூச்சும் அப்படியே அடுக்கி இருந்தது. பெயின்டர் அண்ணை சவர அலகால் சரிவாகச் செதுக்கி, நுண்ணிய சாண்ட்பேப்பரைத் தண்ணீரில் நனைத்து வட்டமாகத் தேய்த்தார். வெட்டின மரத்தில் வளையம் தெரிவதுபோல ஒவ்வொன்றாக வெளியே வந்தது: மேலே வெள்ளை, கீழே வான்நீலம், சாம்பல் பிரைமர், சிவப்பு, மெல்லிய அழுக்குக் கோடு, மறுபடி சிவப்பு, அடியில் துருநிறப் பிரைமர், கடைசியில் தகரம்.

“இஞ்ச பாருங்கோ, சிவப்பு ஒண்டில்ல, ரெண்டு,” என்றார்.

மேல் சிவப்பு பளிச்சென்று இருந்தது. கீழ்ச் சிவப்பு செங்கல் மாதிரி மங்கல். உடனே, பழைய காலத்துச் சிவப்பு செங்கல் நிறம்தான் போலிருக்கிறது என்று விடுதிக்காரர் சந்தோஷப்பட்டார். அண்ணை தலையாட்டவில்லை. சிவப்பு வெயிலுக்குச் சீக்கிரம் தோற்கிற நிறம், மேல்தோல் வெளிறிச் சுண்ணாம்பு பூத்த பிறகுதான் அடுத்த பூச்சு அடித்திருப்பார்கள், அதற்கும் மேலே தெரிகிற அந்த அழுக்குக் கோடே சாட்சி என்றார். இன்னும் கொஞ்சம் தேய்த்தார். மங்கல் தோல் போனதும் உள்ளே இருந்தது நல்ல ஆழமான சிவப்பு. மங்கிய தோலைப் பார்த்து நிறம் கலக்கியிருந்தால், அந்த பஸ் புதிதாக இருந்த காலத்தில் எவரும் கண்டிராத நிறத்தைப் ‘பழைய நிறம்’ என்று அடித்திருப்போம். பழைய வண்டிகளின் நிறத்தைப் படம் பார்த்துப் பொருத்துகிறவர்கள் விழுகிற குழி இதுதான். படமும் வெளிறும், தகரமும் வெளிறும்.

அப்போ எந்தச் சிவப்பு? 1958 ஜனவரி 1இல் பஸ் சேவை அரசுடைமையான நாளிலிருந்து அரசாங்க பஸ்ஸின் பெயர் எத்தனையோ தடவை மாறியது. 1990களில் சபை பல கம்பெனிகளாக உடைந்தது, 2005இன் சட்டம் அதை மறுபடி ஒன்றாக்கியது. சனம் மட்டும் ‘சி.டி.பி.’ (சிலோன் ட்ரான்ஸ்போர்ட் போர்ட்) என்ற பழைய பெயரைச் சொல்வதை இன்னும் விடவில்லை. இந்த வண்டிக்கு நாங்கள் எடுத்தது கீழ்ச் சிவப்பு, அதன் தேய்த்த உள்நிறம். காரணம் எளியது: அது தகரத்துக்கு மிக அருகில் இருக்கிறது, வண்டி முதன்முதல் வேலைக்குப் போனபோது போட்டிருந்தது அதுதான். 1055க்குப் பிலடெல்பியாப் பச்சை அடித்த அதே நியாயம். ஒரேயொரு வண்டி வைத்திருப்பவருக்கு அந்த நியாயம் போதும். பல ஊர் வேடம் பல வண்டி வைத்திருப்பவருக்குத்தான் அழகு. ஒற்றை வண்டியில் இரண்டு பக்கம் இரண்டு நிறம் என்றால் அது விளம்பரப் பலகை.

விடுதிக்காரர் ஒப்புக்கொண்டார், ஆனால் முழுமனதோடு அல்ல. எண்ணெய்ப் பெயின்ட்டைத் தூரிகையால் அடித்தால் பழைய தோற்றம் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அண்ணை ஸ்ப்ரேதான் என்று நின்றார். பெயின்டை விட அவருக்குக் கவலை உப்பு. உப்புவெளியில் கடற்கரைக்கும் வீதிக்கும் இடையில் நிற்கிற வண்டி, வாடைக் காலம் முழுக்க உப்புத் தூறலில் நனையும். துரு மேலேயிருந்து வருவதில்லை, ஆணித்தலை ஓரத்திலும் தகரம் மடிகிற இடத்திலும் தொடங்கிப் பூச்சுக்கு அடியால் ஊர்ந்து வரும். வெளியே கொப்புளம் தெரிகிற நேரத்தில் உள்ளே தகரம் பாதி போயிருக்கும். அதனால் பணத்தில் பெரிய பங்கு அடிப்பக்கத்துக்கும் சக்கரக் கவசத்துக்கும் போனது. படம் எடுப்பவர் காணாத இடம் என்று விடுதி முதலாளி முணுமுணுத்தார்.

உள்ளே சாரதிக்குப் பின்னால் ஒரு சிறு பலகை வைத்தோம். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மூன்றே வரி: இந்த பஸ்ஸின் முதல் நிறம் இது, இடையில் நீலமும் வெள்ளையும் இருந்தது, எப்போது மறுபடி அடிக்கப்பட்டது. செதுக்கிப் பார்த்த இடத்தை மூடவில்லை. தெளிந்த வார்னிஷ் பூசி அப்படியே விட்டிருக்கிறது. சின்னப் பிள்ளைகள் அதில் விரல் வைத்து நிறங்களை எண்ணுகிறார்கள்.

வழிப்பலகையில்தான் சண்டை வந்தது. ‘கொழும்பு’ என்று எழுத வேண்டும், அதுதான் படத்துக்கு எடுப்பு என்றார் முதலாளி. இந்த வண்டி கொழும்புக்கு ஓடியதற்கு எங்களிடம் சாட்சி இல்லை. நான் 1011இன் கதையைச் சொல்லி, கற்பனை என்றால் பலகையில் கற்பனை என்று எழுதுவோம் என்றேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் ‘திருகோணமலை – நிலாவெளி’ என்று எழுதியது. தினமும் அங்கேதான் போகிறது, பொய் இல்லை.

இப்போது கந்தளாய்ப் பக்கம் இன்னொரு பஸ் தகரமாகக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு முதலாளி விலை பேசிக்கொண்டிருக்கிறார். அது வந்தால் நீலம் அடிக்கலாம் என்று அண்ணையும் நானும் சொல்லியிருக்கிறோம். முதல் பஸ்ஸின் இடைக்காலத்து வான்நீலம், தனியார் கையில் உழைத்த வருடங்களின் நிறம். அந்தக் காலத்தைச் சிவப்பு பஸ்ஸால் சொல்ல முடியாது, இரண்டாவது பஸ்ஸால் முடியும். பலகையில் ‘நினைவாக’ என்ற சொல் அப்போதுதான் எங்களுக்கும் தேவைப்படும். விலை இன்னும் படியவில்லை.